உன் அத்தா இஃதிகாஃப் இருக்கிறார்

ஆழ்வார்தோப்பு, திருச்சி
ரமலான் பிறை 21

என் செல்ல மகள் சுமையாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நோன்பு எப்படிப் போகிறது? பெங்களூர் ஹாஸ்டலில் சஹருக்கு எழுப்பிவிட ஆள் இருக்கிறதா, இல்லை அலாரத்தை அணைத்துவிட்டு மறுபடி இழுத்துப் போர்த்திக்கொள்கிறாயா? வெறும் பிரெட்டைத் தின்றுவிட்டு நோன்பு வைக்காதே. இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. பங்குனி பிறக்கும் முன்பே இப்படியென்றால் சித்திரையில் என்ன பாடோ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் அத்தா இஃதிகாஃப் உட்கார்ந்துவிட்டார். வேறு யாரோ என்று நினைக்காதே, உன்னைப் பெற்ற அத்தா நஸ்ருல்லாவேதான். ரமலான் கடைசிப் பத்து முழுக்க நம் தெருப் பள்ளிவாசலுக்குள்ளேயே தங்கி, பெருநாள் பிறை தெரியும்வரை வெளியே கால் வைக்காமல் தொழுகையும் ஓதலுமாக இருக்கப்போகிறாராம். நேற்று மஃரிபுக்கு முன்னால் தலையணை, போர்வை, நாலு லுங்கி எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு, துபாய்க்குப் போகிறவர் மாதிரி "போயிட்டு வரேன் சபுரா, வீட்டப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நாலு வீடு தள்ளி இருக்கிற பள்ளிவாசலுக்கு!

எனக்கு இதில் துளி நம்பிக்கை இல்லை. ஜும்ஆவில் இமாம் ஸலாம் கொடுத்து முடிப்பதற்குள் செருப்பைத் தேடுகிற மனுஷன் இவர். தராவீஹுக்குக் கடைசி வரிசையில் தூணோரம் நின்று, எட்டு ரக்அத்தோடு டீக்கடைக்கு நழுவுகிறவர். டிவியில் நாலு பேர் கத்திக்கொள்வதைப் பார்க்காமல் இவருக்குச் சோறு இறங்காது. இவருக்குத் திடீரென்று இபாதத் மேல் இப்படி ஆசை வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்காதா?

மஹல்லாவில் ஒருத்தர்கூட இஃதிகாஃப் உட்காரவில்லையென்றால் ஊருக்கே குற்றம் என்பது உனக்குத் தெரியும். அதனால் வருஷா வருஷம் தொழவைக்கிற ஹஜ்ரத் வீடு வீடாக ஆள் பிடிப்பார். நம் வீட்டுக்கு வந்தால் உன் அத்தா கடை, மோட்டார், விவசாயிகள் அவசரம் என்று கதை சொல்லி அனுப்பிவிடுவார். இந்த வருஷம் ஹஜ்ரத் கேட்பதற்கு முன்னாலேயே இவரே போய்ப் பெயர் கொடுத்திருக்கிறார். அதுவும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். பாங்கு சொல்கிற மோதினார் மூலமாகத்தான் எனக்கே தெரியும்.

யாருக்கோ பயந்து ஒளிந்திருக்கிறாரா என்று முதலில் நினைத்தேன். உடம்புக்கு ஏதும் வந்து மறைக்கிறாரோ என்றும் நினைத்தேன். பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு முத்தவல்லி தேர்தல் வருகிறது, அதற்கு இப்போதே தாடி வளர்க்கிறாரோ என்றும் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. போவதற்கு முந்தின வாரம் மாடி அறைக்குப் புது ஃபேன் மாட்டினார். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் மாற்றினார். அந்தத் தாழ்ப்பாளுக்காக நான் எத்தனை வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருப்பேன்! அப்போதெல்லாம் காது கேட்காதவர், இப்போது தானாகவே ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறார் என்றால் எனக்குச் சந்தேகம் வருமா வராதா?

கடைசியில் எனக்கு ஒன்று பட்டது. இது எனக்கு வைத்த கண்ணி.

ரெண்டு வருஷம் முன்னால் ஜமாஅத் ஆபீஸில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். உன்னைக் கட்டிய காட்டூர் மாமி மகனிடமிருந்து குலா வாங்கிப் பிரிய வேண்டும் என்று நீ கேட்டாய். கை நீட்டுகிறவனோடு வாழ மாட்டேன் என்று சொல்ல உனக்கு முழு ஹக்கு இருந்தது, ஹஜ்ரத்தும் அதைத்தான் சொன்னார். ஆனால் காட்டூர் மாமி உன் அத்தாவுக்குக் கூடப்பிறந்த அக்கா. அத்தனை பேர் நடுவில் மாமி வயிற்றில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்ததும் இந்த மனுஷனுக்கு என்ன ஆனதோ, "இவ என் வீட்டு வாசப்படி ஏறினா அந்த வீட்டுல நான் இருக்க மாட்டேன், அல்லா மேல ஆணை" என்று சொல்லிவிட்டார். சொன்னவருக்கே முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். ஆணையை முறித்துவிட்டுப் பத்து ஏழைகளுக்குச் சோறு போட்டால் போதும், சொந்தத்தை வெட்டுகிற ஆணையை முறிப்பதுதான் நல்லது என்று ஹஜ்ரத் எவ்வளவோ சொன்னார். "சோறு போட்டுடலாம் ஹஜ்ரத், அத்தன பேரு முன்னாடி சொன்ன சொல்ல எங்க கொண்டு போய் வைக்கிறது?" என்று கேட்டாராம். உன் அத்தாவின் வீம்பு உனக்குத் தெரியாததா, அதில் பாதி உன்னிடமும் இருக்கிறதே.

அன்றைக்கு இரவே உன்னோடு பேச மாட்டேன் என்று என்னையும் ஆணையிட வைத்தார். பேச மாட்டேன் என்றுதான் நானும் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் காலத்திலும் தபாலாபீஸ் பெண் என்னைப் பார்த்ததும் ஸ்பீட் போஸ்ட் கவரை எடுத்து வைக்கிறாள். எதிர்வீட்டு லிசி டீச்சர் "போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பிடலாமேக்கா" என்கிறாள். நீ லிசியின் போனுக்கு அனுப்புவதை அவள் படித்துக் காட்டுகிறாள், அது போதும். என் எழுத்து போனுக்குள் போக வேண்டாம். போன வருஷம் காட்டூர் மாமியைப் பற்றி உன் சின்னம்மாவுக்கு மட்டும் நான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் குடும்ப குரூப்பில் போய் விழுந்ததே, அந்த அவமானம் எனக்கு ஜென்மத்துக்கும் போதும்.

இப்போது யோசித்துப் பார். வீட்டில் அவர் இல்லை. நீ பெருநாளுக்கு அடுத்த வாரம் ஜெர்மனிக்குப் போகிறாய். எந்தத் தாய்க்கும் என்ன தோன்றும்? "மகளே ஓடி வா" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, பொய் சொல்லவில்லை. ஆனால் நாலு வீடு தள்ளி உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்கிறேன் என்று வேவு பார்க்கிறார் என்றால்? நீ வாசல்படி ஏறிய செய்தி அடுத்த தொழுகைக்குள் பள்ளிவாசலுக்குப் போய்விடும். பிறகு "சொன்னது சொன்னதுதான்" என்று மனுஷன் பெருநாளன்று வீடு திரும்பாமல் கடையிலேயே பாயை விரித்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

ஜெர்மனிக்குப் போனால் மூன்று வருஷத்துக்கு வர முடியாது என்கிறாய். போகும்முன் ஒரு தடவை உன் முகத்தைப் பார்க்காவிட்டால் நான் மனுஷியாக இருப்பேனா தெரியவில்லை. ஆனாலும் சொல்கிறேன், வராதே. லிசி ஏதாவது சொன்னாலும் வராதே.

உன்னை அல்லாஹ்வின் பொறுப்பில் விட்டிருக்கிறேன்.

உன் அம்மா
சபுரா


ஆழ்வார்தோப்பு
பிறை 24

சுமையா கண்ணுக்கு ஸலாம்.

வராதே என்று நான் எழுதியதற்கு நீ அனுப்பிய பதிலை லிசி படித்துக் காட்டினாள். "சரி" என்ற ஒரே வார்த்தை. கோபமா? கோபப்படு, பரவாயில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை முழுக்கப் படி. உன் அத்தா விஷயம் நான் நினைத்ததைவிட மோசமாக இருக்கிறது.

சஹருக்கும் நோன்பு திறக்கவும் நான்தான் சாப்பாடு கட்டித் தருகிறேன். மோதினார் வாசலுக்கு வந்து வாங்கிப்போகிறார். ஒவ்வொரு தடவையும் காலித் தூக்குச்சட்டியோடு ஒரு கேள்வியும் வருகிறது. "வீட்டுக்கு யாரும் வந்தாங்களான்னு பாய் கேக்கச் சொன்னாரு." யார் வரவேண்டும் என்று நான் கேட்டால், "அது தெரியாதும்மா, கேக்கச் சொன்னாரு, கேட்டேன்" என்கிறார். நேற்று இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். வாசல் லைட்டை அணைக்காதே, கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடாதே. திருடனைத் தாம்பாளம் வைத்துக் கூப்பிடச் சொல்கிறார்!

யாரோ ஒரு ஆள் நம் வீட்டைத் தேடி வரப்போகிறது. அந்த ஆள் வரும்போது இவர் வீட்டில் இருக்கக்கூடாது. அதற்குத்தான் இந்த இஃதிகாஃப். இவ்வளவு தூரம் எனக்குப் புரிந்துவிட்டது. யார் அது என்பதுதான் புரியவில்லை. வீட்டில் உட்கார்ந்து மண்டையைக் குழப்பிக்கொள்வதைவிட நேரே கடைக்குப் போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டேன்.

நோன்போடு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்று பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். கடையில் வெள்ளைச்சாமி மட்டும் இருந்தான். அவனை உனக்கு நினைவிருக்கும், ஜீயபுரத்துப் பையன், உன் கல்யாணத்தில் பந்தி பரிமாறினானே. இப்போது அவனுக்கே ரெண்டு பிள்ளைகள். வாழைத்தோட்டத்து மோட்டார் ஒன்றைப் பிரித்துப்போட்டுச் செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். நான் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா" என்றான். ஒன்றும் தெரியாதவன் இப்படியா ஆரம்பிப்பான்?

கம்பிச் சுருள் அடுக்கியிருக்கும் அலமாரிக்குப் பின்னால் அவன் கண் போய்ப் போய் வந்தது. நான் விடுவேனா, கையை விட்டுத் துழாவினேன். பெரிய கடைப் பை ஒன்று வந்தது. உள்ளே பொம்பளைகள் போடுகிற கம்பளிக் கோட்டு ஒன்று. தடிமனாக, முழங்கால்வரை வரும். கூடவே கம்பளிக் காலுறை, காதை மூடுகிற குல்லா, கையுறை. விலைச்சீட்டைக்கூடக் கழற்றவில்லை. வெள்ளைச்சாமி பதறிப்போய், "அக்கா, அதத் தொடாதீங்கக்கா, மோட்டார் கிரீஸ் பட்டுரும், பாய் என்னையக் கொன்னே போட்ருவாரு" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே அவனை நாலு கேள்வி கேட்டேன். யாருக்கு இது, யார் அந்தப் பொம்பளை, எத்தனை நாளாக நடக்கிறது என்று கேட்டேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு "அக்கா, நோன்பு வச்சிருக்கீங்க, அப்படியெல்லாம் பேசாதீங்கக்கா. நான் வேணா வேலைய விட்டுப் போயிடுறேன், என்னையக் கேக்காதீங்க" என்று மோட்டாருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

மகளிடம் எழுதக்கூடாத விஷயம்தான். ஆனால் வேறு யாரிடம் எழுதுவேன்? இந்தத் திருச்சி வெயிலில் கம்பளிக் கோட்டு எந்தப் பொம்பளை போடுவாள்? அப்படியென்றால் அவள் இந்த ஊர்க்காரி இல்லை. கொடைக்கானலா, ஊட்டியா? மோட்டார் வேலை என்று போன வருஷம் கொடைக்கானல் பக்கம் ஒரு தடவை போய்வந்தாரே, அந்தப் பயணத்திலேயே எனக்கு ஒரு நெருடல் இருந்தது. அறுபதை எட்டப்போகிற வயசில், ரமலானில், அதுவும் பள்ளிவாசலுக்குள் உட்கார்ந்துகொண்டு! அவள் வீடு தேடி வந்து என்னைப் பார்த்துப் பேசி முடிக்கட்டும், நான் அதுவரை ஒதுங்கியிருக்கிறேன் என்று திட்டம் போட்டிருக்கிறாரோ என்னவோ. வரட்டும். அவளுக்கு நான் கொடுக்கிற வரவேற்பில் கொடைக்கானல் குளிரெல்லாம் பறந்துபோகும்.

திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது, டிராஃபிக். ஜன்னலோரம் உட்கார்ந்து நான் அழுதேன் சுமையா. பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த அம்மா, "தண்ணி வேணுமா?" என்று கேட்டார். நோன்பு என்றேன். தன் முந்தானையால் விசிறிவிட்டார்.

அந்த நேரத்தில் ஒரு நொடி எனக்கு வேறொன்றும் தோன்றியது. அந்தக் கோட்டு உன் உயரத்துக்கு இருந்தது. ஆனால் நீ ஜெர்மனி போவது அவருக்கு எப்படித் தெரியும்? உன் பேரையே அவர் இந்த வீட்டில் எடுத்ததில்லை. நான் சொல்லவில்லை. நீ சொல்லவில்லை. மூன்றாவதாக அதைத் தெரிந்தவள் லிசி ஒருத்திதான். அவள் எனக்குத் தங்கச்சி மாதிரி, அவள் வாயிலிருந்து போயிருக்காது.

போயிருக்குமோ? நேற்று நான் அவள் வீட்டுக் கேட்டுக்குள் நுழைந்தபோது அவள் போனைச் சட்டென்று கவிழ்த்து வைத்தாள். இனி அவள் படித்துக் காட்டுவதை எல்லாம் நான் நம்புவதாக இல்லை. "சரி" என்பது உன் வார்த்தைதானா, அவள் வார்த்தையா? எனக்குப் பதிலைத் தபாலிலேயே எழுது.

நோன்பு திறக்கும் நேரத்தில் கேட்கிற துஆ வீணாகாது என்பார்கள். உன் அம்மாவின் குடும்பத்துக்காகக் கேள்.

சபுரா


ஆழ்வார்தோப்பு
பிறை 27

என் உயிரே சுமையா, அம்மாவின் ஸலாம்.

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை என்பதைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டிருப்பாய். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாக லிசி போட்டோ எடுத்து உனக்கு அனுப்பப்போகிறாள். அவள் இப்போது என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள், கண்ணெல்லாம் சிவந்துபோய். என்னால்தான்.

இன்றைக்கு அவளை வீட்டுக்குக் கூப்பிட்டு நேராகக் கேட்டேன். இது அவர்களுக்குத் தவக்காலம், கறி மீன் தொடாமல் இருக்கிறாள். "நானும் நோன்பு, நீயும் தவக்காலம். ரெண்டு பேர்ல யாரு பொய் சொன்னாலும் கணக்குக் கேக்க ஆள் உண்டு. இப்பச் சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். அப்புறம் மொத்தத்தையும் கொட்டிவிட்டாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. பாய் ஸ்கூல் பஸ் ஸ்டாப்புல வந்து நிப்பாரு. ஒவ்வொரு வாரமும் வருவாரு. பேரச் சொல்ல மாட்டாரு. ‘அந்தப் புள்ள நல்லா இருக்கா’ன்னு மட்டும் கேப்பாரு. நான் போன்ல போட்டோ காட்டுவேன். கண்ணாடியக் கழட்டிட்டுக் கிட்ட வச்சுப் பாப்பாரு. அக்காகிட்டச் சொல்லாதேன்னு கையெடுத்துக் கும்பிட்டாருக்கா. ஜெர்மனின்னு சொன்னப்ப போனத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. அடுத்த வாரம் வந்து, ‘அங்க ரொம்பக் குளிருமா டீச்சர்?’னு கேட்டாரு."

நான் அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். ரெண்டு பேருமாக உட்கார்ந்து அழுது தீர்த்தோம். இரண்டு வருஷமாக இந்த வீட்டில் நான் ஒரு மூலையில் உனக்குக் கடிதம் எழுத, அவர் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றிருக்கிறார். ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமல் ஒரே பிள்ளையைத் திருட்டுத்தனமாக விசாரித்திருக்கிறோம். கூத்தைப் பார்.

ஆனாலும் என் புத்தி சும்மா இருக்குமா? அப்படியென்றால் எதற்கு இஃதிகாஃப்? பாசம் இருக்கிறவர் மகள் ஊரைவிட்டுப் போகிற நேரத்தில் வீட்டில் அல்லவா இருப்பார்? அதனால் அசருக்குப் பிறகு ஹஜ்ரத்தைப் பார்க்கப் போனேன். பழைய ஹஜ்ரத் ஊருக்குப் போய்விட்டார். இவர் புதுசு, சின்ன வயசு, என்னைக் கண்டாலே பயம். "ஒங்க வீட்டுக்காரர் ஒரு மஸ்அலா கேட்டாரு, அத வெளிய சொல்லக்கூடாது" என்றார். சட்டம் என்னவென்று மட்டும் சொல்லுங்கள், யார் கேட்டார்கள் என்று நான் கேட்கவில்லை என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஒரு ஆள் இன்னார் என் வீட்டுக்கு வந்தால் அந்த வீட்டில் நான் இருக்க மாட்டேன் என்று ஆணையிட்டிருக்கிறார். அவர் இஃதிகாஃப் இருக்கும் நாளில் அந்த இன்னார் வந்து தங்கிப்போனால் ஆணை முறியுமா? இதுதான் கேள்வி. முறியாது, அவர்தான் வீட்டிலேயே இல்லையே, சொன்ன சொல்படிதானே இருக்கிறார் என்று ஹஜ்ரத் பதில் சொல்லியிருக்கிறார். அல்லாஹ்வுக்காக என்று மனசில் எண்ணுகிற நிய்யத்தும் அதில் இருக்கவேண்டும், வெறும் சாக்காக உட்காரக்கூடாது என்று எச்சரித்தும் இருக்கிறார். அதற்கு இந்த மனுஷன், "அவளப் பத்திரமாப் போகவச்சுத் திரும்பக் கொண்டுவான்னு அல்லாகிட்டதான ஹஜ்ரத் கேக்கப்போறேன், இதவிட வேற நிய்யத் என்ன இருக்கு?" என்றாராம். சொல்லிமுடித்ததும்தான் யார் கேட்டது என்பதைத் தானே உளறிவிட்டோம் என்று ஹஜ்ரத்துக்கு உறைத்தது. பாவம், "அஸ்தஃபிருல்லாஹ்" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது சுமையா. பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கடிதம் எழுதுகிற கெட்டிக்காரி நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். அவர் வேவு பார்க்கப் போகவில்லை. நீ வருவதற்காக வீட்டைக் காலி செய்து கொடுத்திருக்கிறார். ஃபேன் உனக்கு, தாழ்ப்பாள் உனக்கு, வாசல் லைட் உனக்கு. நான் பாவி, கொடைக்கானல்காரியைத் தேடிக்கொண்டிருந்தேன். உன்னையும் வராதே என்று நானே எழுதித் தடுத்துவிட்டேன்.

நேரே பள்ளிவாசல் வாசலுக்குப் போய் அவரைக் கூப்பிடச் சொன்னேன். இஃதிகாஃப் இருப்பவரை மனைவி போய்ப் பார்க்கலாம், தடையில்லை. உள்வாசல் வரைக்கும் வந்து நின்றார். அதைத் தாண்டி, கை கால் கழுவுகிற ஹவுல் இருக்கும் பக்கம் வரக்கூடாது. தாடி வெள்ளையாக வளர்ந்திருக்கிறது. இளைத்துவிட்டார். எல்லாம் தெரிந்துவிட்டது என்று கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் மனுஷன் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று சாதித்துவிடுவார், வீம்பு வந்துவிடும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். அவராகத்தான் கேட்டார், "யாரும் வந்தாங்களா?" என்று. "இன்னும் இல்ல, வருவாங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்தார். உடனே செருப்பு அடுக்கும் பலகையைப் பார்த்தார். "பயணத்துல வர்றவங்களுக்கு நோன்பு கடமை இல்ல சபுரா. வந்தா வெயில்ல தண்ணி கிண்ணி குடிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் திரும்பும்போது மோதினார் ஒரு புகார் சொன்னார். இஃதிகாஃப் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு மூலையில் வெள்ளைத்துணி மறைப்புக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். உன் அத்தாவுக்கு ஃபேனுக்கு நேர் கீழே நல்ல இடமாகக் கொடுத்தார்களாம். இவர் அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, தெருவைப் பார்த்த ஜன்னலோரம் போய் உட்கார்ந்திருக்கிறார். அங்கே காற்றும் கிடையாது, வெயில் நேராக அடிக்கும். "ஜன்னல மூட விட மாட்டேங்குறாரும்மா, புழுதி பூரா உள்ளதான்" என்றார் மோதினார். சரி, இருக்கட்டும், நான் துடைக்க ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது அம்மா சொல்வதைக் கேள். நான் முன்னால் எழுதியதை எல்லாம் கிழித்துப் போடு. இன்று இரவே பஸ் ஏறு. பிறை இருபத்தொன்பதிலேயே தெரிந்துவிட்டால் அவர் இஃதிகாஃப் முடித்து வீட்டுக்கு வந்துவிடுவார், அப்புறம் நீ இந்த வாசல்படி ஏற முடியாது. ஊரெல்லாம் பிறை சீக்கிரம் தெரியவேண்டும் என்று மாடியில் நின்று பார்க்கும். நான் மட்டும் மேகம் மூடட்டும், நோன்பு முப்பதும் ஆகட்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதையும் நம்பி இருக்காதே, நாளைக் காலை இங்கே இரு.

கூப்பிட வேண்டியவர் அவர், அவரே கூப்பிடட்டும் என்று நீ சொல்வாய். உன்னைப் பெற்றவளுக்கு அது தெரியும். அவர் கூப்பிட மாட்டார் சுமையா. செத்தாலும் கூப்பிட மாட்டார். தப்பு அவருடையதுதான், நான் அதற்குச் சப்பைக்கட்டு கட்டவில்லை. உன் பக்கம் நின்றிருக்கவேண்டிய நாளில் அக்கா பக்கம் நின்றார். மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, அது உன் இஷ்டம். வந்துவிட்டு மட்டும் போ.

என் ஆணையைப் பற்றி நீ கவலைப்படாதே. நீ வாசலில் நிற்கும்போது நான் வாயை மூடிக்கொண்டு சைகை காட்டுவேன் என்றா நினைத்தாய்? நான் முறிக்கப்போகிறேன். ஹஜ்ரத்திடமே சொல்லிவிட்டேன். பத்து ஏழைகளுக்கு இரண்டு வேளைச் சோறு, லிசியும் நானும் சேர்ந்து ஆக்கிப் போட்டுவிடுவோம். உன்னோடு விடிய விடியப் பேசவேண்டும்.

வெள்ளைச்சாமி அந்தப் பையைக் கொண்டுவந்து மாடி அறையில் வைத்துவிட்டான். நான் பேசிய பேச்சுக்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், சிரித்துக்கொண்டே ஓடிவிட்டான். கோட்டைப் போட்டுப் பார்த்து அளவு சரியில்லையென்றால் சொல்லு, மாற்றிக்கொள்ளலாம்.

வெளியூர் பஸ் எல்லாம் இப்போது பஞ்சப்பூரில்தான் நிற்கிறது, பழைய ஸ்டாண்ட் என்று தேடாதே. அங்கிருந்து ஆட்டோ பிடி. ஆட்டோக்காரர் பின்சந்து வழியாக நேரே நம் வாசலுக்கே கொண்டுவிடுகிறேன் என்பார். வேண்டாம் என்று சொல். தெருமுனையிலேயே இறங்கிக்கொள். பள்ளிவாசல் சுவரை ஒட்டினாற்போல் நடந்து வா. புழுதி என்று முகத்தை மூடிக்கொள்ளாதே, மாஸ்க் போடாதே. யாராவது பார்த்தால் பார்க்கட்டும், நீ ஒன்றும் திருடிவிட்டுப் போனவள் இல்லை. அந்த ஜன்னல் வந்ததும் பெட்டியைக் கீழே வைத்துக் கை மாற்றிக்கொள்வதுபோல் நில். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்க நேரம் எடுக்கும். அவசரப்படாமல் நின்றுவிட்டு வா.

அல்லாஹ் உன்னைக் கையைப் பிடித்து அழைத்துவரட்டும். வாசலில் நிற்கிறேன்.

உன் அம்மா
சபுரா